பதினாலு வார்த்தைகள்

"கொராசோன்."

"தப்பு. நெஞ்சு வலிக்கு என்னன்னு கேட்டேன். நீங்க இதயத்தைச் சொல்றீங்க" என்றாள் மனைவி, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு?"

"இருக்கட்டும். கேக்குறவருக்குப் புரியணுமே. மறுபடி சொல்லுங்க."

லோடுமேன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "தொலோர்... தே... பெச்சோ."

"ஆங். பேச்சு மாதிரி ஒரு பெச்சோ. வாயைத் திறந்து பேசுற ஆளா இருந்தா எப்பவோ வந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறைத் தரையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

தமிழ் எழுத்தையே கல்யாணத்துக்குப் பிறகு, முப்பத்தைந்து வயதில், இவளிடம்தான் கற்றார் அவர். போனில் மொழிபெயர்த்துச் சொல்லும் பெண்குரல் சொல்லச் சொல்ல, பதினாலு ஸ்பானிஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மூட்டை தூக்கி மரத்துப்போன விரல்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அட்டைப்பெட்டி அளவுக்கு இருந்தது.

"மத்த லோடுமேனுங்க எல்லாம் இந்நேரம் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?"

"எத்தனை தடவை சொல்றது? பொழைக்க வந்த இந்த நாட்டுல, கீழ்த்தளக் கிடங்குல நாங்க ரெண்டே பேரு. நானும் தாடிக்காரனும். போனுல சிக்னல் கிடையாது. அவனுக்கு ஸ்பானிஷை விட்டா வேற தெரியாது, எனக்குத் தமிழை விட்டா வேற தெரியாது. மூட்டைக்குப் பாஷை வேணாம், கையைக் காட்டினாப் போதும். நெஞ்சுக்கு?"

அவள் நோட்டை மடியில் வைத்து நீவினாள்.

"போன மாசம் என்ன ஆச்சு? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சா, பக்கத்துல நின்ன ஆளுக்கு ஒண்ணும் விளங்கலை. லோடுமேனுக்கு எங்க வலிச்சாலும் முதுகுப் பிடிப்புன்னுதானே நினைப்பு? குப்புறப் போட்டுத் தைலம் தேய்ச்சாச்சு. இருபது நிமிஷம்! உயிர் தப்பினது யாரு செஞ்ச புண்ணியமோ. இன்னொரு தடவை வந்தா அந்த இருபது நிமிஷம் கிடைக்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

"பாவம். தாடிக்காரருக்குப் பொண்டாட்டி இருக்காங்களா?"

"இருக்கா, ஊருல."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எதுக்குச் சொல்லிக்கிட்டு? தெரிஞ்சா வேலையை விடுன்னு உட்காந்து அழுவா."

"அதுவும் சரிதான். பொண்டாட்டிங்களுக்கு அழறதைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றவள் பக்கத்தைத் திருப்பினாள். "மாத்திரை?"

"பஸ்தீயா."

"நாக்குக்கு அடியில?"

"தெபாஹோ தே லா லெங்குவா."

"ஆம்புலன்ஸ்?"

"அம்புலான்சியா. அது நமக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். கொஞ்சம் ஆடிக்கிட்டு வருது."

"மூச்சு விட முடியலை?"

"நோ... நோ..." அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "இது மட்டும் நிக்க மாட்டேங்குதும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இதுதான் முக்கியம். இதைச் சொல்லாம நீங்க இந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது."

வாத்தியாரம்மாள் விடவில்லை. அவரும் விடவில்லை. இருபது தடவை தடுக்கி விழுந்து, இருபத்தோராவது தடவை ஒரே மூச்சில் சொன்னார்: "நோ ப்வேதோ ரெஸ்பிரார்."

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பதினாலு வார்த்தைகளும் முன்னிருந்து பின், பின்னிருந்து முன், எப்படிக் கேட்டாலும் வந்தன.

மறுநாள் காலை சரக்கு லிஃப்ட் அவர்கள் இருவரையும் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டு மேலே போனது. தாடிக்காரன் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மூட்டையை நோக்கி நடந்தான்.

"நில்லுடா" என்று கையைக் காட்டினார் லோடுமேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கைகட்டி நின்று, பதினாலையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடைசி வார்த்தை முடிந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

தாடிக்காரனின் கண்கள் கலங்கின. 'கொஞ்சம் பொறு' என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். கையுறையைக் கழற்றி, சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். அதைப் பார்த்து, கல்லில் நடப்பவன் போல ஒவ்வொரு வார்த்தையாகக் கால் வைத்தான்.

"நென்சு... வலியா... அண்ணே? பேசாதே. மாத்ரை... நாக்கு... அடியில... வை. நான்... ஓடுறேன்... ஆளு... கூட்டி வர்ரேன்."

லோடுமேன் கையை நீட்டினார். தாளை வாங்கிப் பார்த்தார். மேலே அவனுடைய எழுத்தில் ஏழெட்டு வரிகள். கீழே, அவருக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்த அதே கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தார்:

'உங்க சட்டையைத் துவைக்கிறவ நான்தானே, மாத்திரை அட்டை என் கண்ணுல படாமலா போகும்? மறுபடி நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா வாயில ஸ்பானிஷ் வராதுங்க, தமிழ்தான் வரும். அதான் ஒரு வாரமா போனும் கையுமாக் கிடங்கு வாசல்ல நின்னு, அவருக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன்.'