சாவி கேட்ட புரோக்கர்

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஷேவிங் பிரஷ் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

லைப்ரரியில் வேலை பார்ப்பதால் தெருவே லைப்ரரியம்மா என்று கூப்பிடும் அவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. அவருடைய சாமான்களையெல்லாம் எப்போதோ கொடுத்தாயிற்று. இந்த வீட்டில் சவரம் செய்துகொள்ள யார் இருக்கிறார்கள்?

போன வாரம் வாசலில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. பெரிய சைஸ், தேய்ந்து போனது. விலைக்கு வைத்திருந்த வீட்டைப் பார்க்க வந்தவர் யாரோ மறந்துவிட்டார் என்று நினைத்தாள். மறந்துவிட்டு வெறுங்காலோடா வீட்டுக்குப் போவார் என்று அப்புறம்தான் உறைத்தது.

புரோக்கருக்கு போன் போட்டாள்.

"பிரஷ்ஷும் ஷூவும் அங்கேயே இருக்கட்டும்மா. எடுத்துடாதீங்க."

"யாரோடதுங்க?"

"அதையெல்லாம் போட்டு ஏம்மா மனசைக் குழப்பிக்கிறீங்க? வீட்டை வித்துக் குடுக்கிறது என் பொறுப்பு." வைத்துவிட்டார்.

ஆரம்பத்திலிருந்தே அந்த ஆள் ஒரு மாதிரிதான். எடுத்த எடுப்பில் சாவி கேட்டார். ஆள் கூட்டிவரும்போது அவள் வீட்டில் இருக்கவே கூடாது என்றார். வந்தவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்று கேட்டால் மழுப்பினார்.

எந்தத் தைரியத்தில் சாவியைக் கொடுத்தோம்? தைரியமா, பயமா? ராத்திரி ஒரு கதவு அசைந்தால்கூடத் தூக்கம் போய்விடுகிறது. விற்றுவிட்டு, அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிற ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்கிற அவசரம். அந்த அவசரத்தில் இருக்கிற ஒரே சொத்தையும் யார் கையிலோ தூக்கிக் கொடுத்துவிட்டோமோ?

அண்ணனைக் கூப்பிட்டாள். 'தனியா இருக்கப் பயமா இருக்குண்ணே' என்றபோதெல்லாம் 'வேலை தலைக்கு மேல இருக்கும்மா' என்ற அண்ணன், வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்றதும் ஆட்டோ பிடித்து வந்தார்.

வந்தவர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். கொடியில் கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"துணி வேற துவைச்சுப் போட்டிருக்கானா! குடியே வந்துட்டான்டி. அடுப்படியில போய்ப் பாரு, பொங்கி வச்சிருந்தாலும் வச்சிருப்பான்."

"விளையாடாதீங்கண்ணே."

"விளையாட்டா? சாவி கேட்டான். உன்னை வெளியே அனுப்பினான். யார் வந்தாங்கன்னு சொல்ல மாட்டேங்கிறான். நம்பக் கூடாத ஆளுக்கு இன்னும் என்ன அடையாளம் வேணும், நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? ஆளை உள்ள விட்டுட்டான். நாளைக்கு அவன் 'இது என் வீடு'ன்னு நிப்பான், நீ தெருவுல நிப்பே."

"இன்னிக்குச் சாயங்காலம் யாரையோ கூட்டிட்டு வர்றாராம். என்னை லைப்ரரியிலேயே இருக்கச் சொன்னார்."

"வரட்டும். கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாரு."

சாயங்காலம் இருவரும் கூடத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒளிந்துகொண்டார்கள். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தார் அண்ணன். சொந்த வீட்டில் திருடியைப் போல நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் சாவி திரும்பியது. புரோக்கரோடு இரண்டு பேர். அவர்கள் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியை ஒருவன் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"பின்கதவுக்கு ஒரே தாழ்ப்பாள்தானா?"

புரோக்கர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா எந்த ரூம்ல படுக்கும்?" என்றான் இன்னொருவன்.

அவள் கதவிடுக்கிலிருந்து பின்வாங்கினாள். அண்ணனின் கையைப் பிடித்தாள். அது அவள் கையைவிடச் சில்லென்றிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர் மூச்சுக்கூட விடவில்லை.

"வீடு வாங்க வந்தீங்களா, ஆளை விசாரிக்க வந்தீங்களா?" புரோக்கரின் குரல் மாறியிருந்தது.

"கோவப்படாதீங்க. பொம்பளை தனியா இருக்குன்னு தெருமுனையில சொன்னாங்க. அதான் கேட்டேன்."

"இந்த மாதிரி எவனாவது கேப்பான்னுதான் நான் யார் வந்தாலும் அந்தம்மாவைக் கண்ணுல காட்டுறதில்லை." புரோக்கர் சாமான் அறைப் பக்கம் திரும்பித் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "தனியாவா? யாருய்யா உங்களுக்குச் சொன்னது? வாசல்ல ஷூவைப் பாக்கலை? கொடியில சட்டை காயுதே, அது என்ன என்னோடதா?"

"அப்ப வேற யாரு இருக்கா?"

"அவங்க அண்ணன்யா! ஆள் வாட்டசாட்டமா இருப்பார், கோபம் வந்தா மனுஷனா இருக்க மாட்டார். தங்கச்சி ஒத்தையில பயப்படக் கூடாதுன்னு, புருஷன் போன நாள்லேர்ந்து ஒரு ராத்திரி விடாம இங்கதான் வந்து படுக்கிறார்."