வினிகர் பாட்டில்மேல் சந்தேகம்

கறுப்புக் காரின் மேலெல்லாம் வெள்ளைத் திட்டு. பக்கத்தில் வந்து நின்ற வினிகர் பாட்டில்மேல்தான் காருக்குச் சந்தேகம்.

"திட்டை எடுக்கத்தான் வந்தேன்," என்றது வினிகர்.

"எடுக்க வந்தவனுக்கு ஏன் இந்த நாத்தம்?"

வினிகரில் நனைந்த துணி துடைத்ததும் திட்டு போய் பெயிண்ட் பளபளத்தது. காருக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. தினமும் குளிப்பாட்டும் வாளியைக் கூப்பிட்டது. வாளி நிறைய உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்.

"அக்கா, இவன் வாடை போக ஊத்து."

வாளி குளிரக் குளிர ஊற்றியது.

"துணிகிட்ட ஈரத்தை ஒத்தச் சொல்லு. வெயில்ல காயாதே," என்றது வினிகர்.

"உன்னை யார் கேட்டா?"

கார் வெயிலிலேயே காய்ந்தது. மறுபடி உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு.

கார் வாளியிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "பாத்தியா அக்கா, அவன் வேலையை? நல்லவேளை, நீ இருக்கே. இன்னொரு தரம் ஊத்து."