நச்சி வீட்டுக் கோணல் மூக்கன்

மீன் பண்ணைக் குளத்தில் நச்சி என்றொரு வைரஸ் இருந்தாள். பிள்ளைகளை அச்சு அசலாய்த் தன்னைப் போலவே நகலெடுப்பதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். அன்று ஒரு நோயாளி மீனுக்குள் பிறந்து வெளியே வந்த நூறு பேரில் ஒருத்தனுக்கு மட்டும் மூக்கு கோணிவிட்டது.

"குடும்ப மானத்தை வாங்க வந்தவனே, கடைசியில போய் நில்லுடா!" என்றாள்.

இனி குளத்துக் கெண்டையின் உடம்புக்குள் போனால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. செவுள் வாசலில் வெள்ளையணுக் காவல்காரன் ஒருவன் நின்றான். போன வருஷம் இதே குடும்பத்தால் கெண்டை சாகக் கிடந்ததை அவன் மறக்கவில்லை.

"நேர் மூக்கா? வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று தொண்ணூற்றொன்பது பேரையும் பிடித்து விழுங்கினான்.

கடைசியாக வந்தவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீ அந்த வீட்டு முகமா இல்லையே. சரி, போப்பா."

மகனின் முதுகில் ஒண்டிக்கொண்டு நச்சியும் உள்ளே நுழைந்துவிட்டாள். "என் ராசா! உன் மூக்குதான்டா மூக்கு!" என்று அவனைக் கொஞ்சித் தீர்த்தாள்.

உள்ளே மகனுக்கு நூறு நூறாய்ப் பிள்ளைகள் பிறந்தன. கெண்டைக்குச் செதில் உதிரத் தொடங்கியது. "ஓகோ, இவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானா!" என்ற காவல்காரன், கோணல் மூக்கை அங்குலம் அங்குலமாய் மனப்பாடம் செய்தான்.

நச்சியோ பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மூக்கு மூக்காய்ச் சோதித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அப்பன் மாதிரியே அழகான கோணல். ஒருத்தனுக்கு மட்டும் சப்பை மூக்கு.

"குடும்ப மானத்தை வாங்க வந்தவனே," என்று கத்தினாள், "கடைசியில போய் நில்லுடா!"