ரமலான் மதியத்தில் ஒரு குவளைத் தண்ணீர்

அலெக்சாண்டிரியாவில் ரமலான் மதியம். திரைச்சீலையின் இடுக்கு வழியே வெயில் மேசைமேல் கோடாக விழுகிறது. வெளியே டிராம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. கணக்குப் பிரிவு நிஹாலைத் தன் அறைக்குக் கூப்பிட்ட மேலாளர் ஷவ்கத், அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாக ‘உஸ்தாத்’ என்று அழைப்பவர், கதவைச் சாத்திவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்துகிறார். நோன்பில் அவருடைய உதடும் வறண்டிருக்கிறது. “குடிம்மா, யாரும் பாக்க மாட்டாங்க. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு நோன்பு?” நிஹால் குவளையைத் தொடவில்லை. “உங்களுக்கு யார் சொன்னது, உஸ்தாத்? என் வீட்டுக்காரர்கிட்டயே நான் இன்னும் சொல்லல.” கம்பெனி காப்பீட்டுக் கணக்கில் புகுந்து காலையில் அவர் படித்த அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு, பக்கத்துக் கணினியில் இன்னும் ஒளிர்கிறது. ஷவ்கத் தன்னையறியாமல் குவளையை எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிடுகிறார். “உங்க நோன்பு, உஸ்தாத்,” என்கிறாள் நிஹால், மெதுவாக.