யாகப்பன் கொடுத்த நாற்று

செஞ்சியில் நடந்த உழவர் கூட்டத்தில், தோளில் சால்வை விழுந்ததும் யாகப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது.

போர்த்தியவன் பக்கத்து நிலத்துக்காரன் பாலமுரளி. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"பூஞ்சைக் கரைசல்ல வேர நனச்சு, அதிகாரியம்மா நம்ம யாகப்பன் அண்ணனுக்குத் தக்காளி நாத்து குடுத்தாங்க. அத்தினியும் எனக்குக் குடுத்துட்டு, அவரு வெறும் நாத்த நட்டாரு! வாடல் நோய் வந்து அவருக்குப் பாதி செடி போயிடுச்சு. எனக்கு ஒண்ணுகூட சாவல!" என்று மைக்கில் சொன்னான் பாலமுரளி.

வேளாண் அதிகாரி பிருந்தா கைதட்டினார். "அந்தப் பூஞ்சை செடிக்குள்ளயே குடியிருந்து நோயை விரட்டும். அதைப் போய் இன்னொருத்தருக்குக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

யாகப்பனைப் பேசச் சொன்னார்கள். "எல்லாம் ஆண்டவர் செயல்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பாலமுரளியோ அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், வரப்பில் ஒரு முழம் விட்டுக்கொடுத்தான்.

சிங்கவரம் பஸ்ஸில் ஏறியதும் மனைவி இருதயமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் வூட்டு ஆடு வந்தாலே கல்லெடுப்ப. நாத்த எதுக்குய்யா தூக்கிக் குடுத்த?"

யாகப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெதுவா பேசுடி. பூஞ்சை ஏத்துன நாத்த நட்டா, அவன் தோட்டமே அழுவிப் போயிடும்னு நெனச்சேன்."