தக்காளியின் புது முகம்

“ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. இப்ப வந்து வேண்டாம்னா என்ன அர்த்தம்? வேற எவனாவது இருக்கானா? இருந்தா வாயத் தொறந்து சொல்லித் தொலை.”

எதிர்வீட்டுக் கணக்காளரின் குரல் என் அடுப்படிவரை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்த குரலை வாசல்வரை போய் வரவேற்காமல் இருப்பது மரியாதை இல்லை. கையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். மாடி நடையில் நிற்க ஒரு காரணம் வேண்டுமே.

“யாரும் இல்லண்ணா” என்றாள் தங்கை.

அவளுக்கு எங்கள் குடியிருப்பில் தக்காளி என்று பெயர். வைத்தது நானில்லை.

வெளுத்த நிறம். கன்னமும் மூக்கும் எந்நேரமும் சிவந்தே இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் மெல்லிய சிவப்பு இழைகள் ஓடுவது தெரியும். நான் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். கோபக்காரி என்றார்கள். ரகசியமாகக் குடிக்கிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் ஆட்கள் தெளிவாகப் பார்க்கிற முதல் காட்சி இவள் முகம்தான். “காய்ச்சலாம்மா?” என்பார்கள்.

இத்தனை வருடம் அண்ணன் அதைக் கண்டுகொண்டதே இல்லை. மருந்துக்கடைக்காரர் சம்பந்தம் ஒன்று வந்ததும்தான் தங்கையின் முகத்தில் அக்கறை பிறந்தது. தோல் மருத்துவரிடம் அனுப்பினார். ரோசேஷியா என்றார் மருத்துவர். வெளிச்சம் பாய்ச்சி அடக்கலாம் என்றார்.

துணைக்கு நான் போனேன். அண்ணிக்கு ஒழியவில்லை, எனக்கு எப்போதும் ஒழியும்.

கண்ணுக்குக் கறுப்பு மூடி போட்டு, கன்னத்தில் குளிர்ந்த பசை தடவி, கருவியை வைத்து அழுத்தினார்கள். எனக்கும் ஒரு மூடி கொடுத்துவிட்டார்கள். அதில்தான் எனக்குக் குறை. மூடியைத் தாண்டியும் பளிச் பளிச்சென்று தெரிந்தது. முடி பொசுங்கும் வாடை லேசாக வந்தது. ரப்பர் பேண்டை இழுத்துக் கன்னத்தில் விட்டமாதிரி சுரீர் என்கிறதாம். தோலுக்கு அடியில் விரிந்துபோன ரத்தக்குழாய்களை அந்த ஒளி சுருக்குமாம். “அடங்கும். அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன்” என்றார் மருத்துவர்.

சில வாரத்துக்கு ஒருமுறை போய் வந்தோம். வெயில் கூடாது, சூடான டீ கூடாது. ஒவ்வொரு முறையும் முகம் வீங்கி, பிறகு வடிந்தது. கடைசியில் சிவப்பும் வடிந்துவிட்டது. மாடிப்படியில் பார்த்தபோது யாரோ புதிதாகக் குடிவந்த பெண் என்று நினைத்துப் பேர் கேட்கப் போனேன்.

அந்த முகத்தைத்தான் இப்போது அண்ணன் உற்றுப் பார்த்தார்.

முன்பெல்லாம் அதில் ஒன்றும் படிக்க முடியாது. பொய் சொன்னாலும் சிவப்பு, உண்மை சொன்னாலும் சிவப்பு. இன்று கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

“அப்பப் பேசாம வந்து உக்காரு” என்றார் திருப்தியாக.

அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும். இன்னும் ஒரு சத்தம் போட்டால் சரி என்றுவிடுவாள். அப்புறம் மருந்துக்கடைக்காரருக்குத்தான் அவள் வாழ்க்கை.

அப்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் வாசலில் வந்து நின்றார்.

எங்கள் லிஃப்ட் கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட். அடிக்கடி நின்றுவிடும். அன்று காலையும் நின்றிருந்தது. அவர் வந்து வெகுநேரம் எதையோ பார்ப்பார், சரியாக்குவார், பிறகு தண்ணீர் கேட்பார். லிஃப்டை ஒட்டின வீடு என்னுடையது. கேட்பது மட்டும் எதிர்வீட்டில்.

“சரியாயிடுச்சுங்க” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. “கொஞ்சம் தண்ணி.”

தக்காளி தம்ளரோடு வந்தாள். கழுத்திலிருந்து கிளம்பிய சிவப்பு கன்னம் ஏறி, காதுவரை போனது.

நோய் அவள் காதுக்குப் போனதே இல்லை.

நான் பார்த்தேன். அண்ணி பார்த்தாள். மெக்கானிக் தம்ளரை வாங்காமல் நின்றார். பாவம், இத்தனை நாளும் அவர் பார்த்தது ஊருக்கெல்லாம் சிவக்கிற முகம். தனக்காகத்தான் என்று எதை வைத்து நம்புவார்?

“பாத்தியா, மறுபடி வந்துடுச்சு” என்று அண்ணன் தலையில் கைவைத்தார். “லைட் அடிக்கறேன்னு நல்லா ஏமாத்திட்டான் அந்த டாக்டர். எங்க அந்த போனு?”

அண்ணி போனை எடுத்துக் கொடுத்தாள். “டாக்டருக்கு வேண்டாங்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்குப் போடுங்க.”

அவருக்குப் புரிய அந்த வாரம் முழுவதும் ஆனது. புரிந்ததும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

தக்காளியும் மெக்கானிக்கும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோனார்கள். அவருக்கு இப்போது வேறு வட்டாரம்.

எங்களுக்குப் புது ஆள். எண்ணெய் போட வந்தவரிடம் லிஃப்டின் கோளாறுகளை நானே விளக்கமாகச் சொன்னேன். மேலும் கீழும் போய்ப் பார்த்தார்.

“கோளாறு ஒண்ணும் இல்லம்மா. உங்க மாடியில கதவ ஒரு விரக்கடை திறந்து விட்டா நிக்கும். இழுத்து மூடினா ஓடும். இதுக்குப் போயா இத்தனை நாளும் மெக்கானிக்கக் கூப்பிட்டீங்க?”

பழையவர் இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது யோசித்தால், லிஃப்ட் நின்ற நாளெல்லாம் கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை. அவள் போன பிறகு அது ஒருமுறைகூட நிற்கவில்லை.