பச்சைக் கட்டம்

அப்துல் சலாம் தன் சொந்தக் கடைக்குள் வைக்கப்போன வலது காலை அந்தரத்தில் நிறுத்தினார்.

“மொதலாளி, வச்சுடாதீங்க! நீங்க உள்ள போனா நூறு அம்பதாயிடும்!”

கத்தியவள் தேவயானி. கடையின் ஒரே விற்பனைப் பெண். கொளுத்தும் வெயிலில் வாசலை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். கோபம் வரவில்லை. இப்படிப்பட்ட பெண்ணையா இன்றைக்கு வேலையை விட்டு அனுப்பப் பார்த்தோம் என்று வெட்கமாகத்தான் இருந்தது.

பெரம்பலூர் பாலக்கரை பஸ் நிறுத்தத்தை ஒட்டினாற்போல் இருந்தது அவருடைய ரெடிமேட் கடை. துபாயில் ஒரு பெரிய துணிக்கடையில் டார்கெட், டார்கெட் என்று பல வருடம் ஓடிவிட்டு ஊர் திரும்பியவர். வேலையை அவர் விட்டாலும் வேலை அவரை விடவில்லை.

வந்ததும் எக்செல் ஷீட் போட்டார். வாசலுக்கு மேலே ஒரு மின்கண்ணைப் பொருத்தினார். யார் உள்ளே நுழைந்தாலும் அது கிய்ங் என்று கத்திவிட்டு ஷீட்டில் ஒன்றைக் கூட்டும். பில் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் ஒன்று கூடும். நுழைந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேராவது வாங்கினால் கட்டம் பச்சை. குறைந்தால் சிவப்பு.

மற்ற கடைக்காரர்கள் கல்லாவைப் பார்ப்பார்கள். இவர் நிறத்தைப் பார்த்தார்.

என்றைக்கும் சிவப்புத்தான். பெரம்பலூர் வெயில் அப்படி. அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் ஏசிக்காக உள்ளே வந்து நின்றார்கள். ஒருவர் டிரையல் ரூம் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார். ஒரு அக்கா மூலையில் உட்கார்ந்து பிள்ளைக்கு இட்லி ஊட்டினார். ஒருநாள் ஒரு வெள்ளாடு வந்து, பொம்மைக்குப் போட்டிருந்த துப்பட்டாவை மென்றுவிட்டுப் போனது. கண் அதையும் எண்ணிக்கொண்டது. ஆடு எதுவும் வாங்கவில்லை.

அத்தனையும் தேவயானி தலையில் விடிந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பும்போது ஷீட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார் முதலாளி. “தொழுதுட்டு, வூட்ல சாப்புட்டு வருவேன். அதுக்குள்ள பச்சையாகலன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போனால் அவள் ஆண்டிமடத்துக்குத் திரும்ப வேண்டும். அத்தை வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்க வேண்டும். கொட்டைப் பால் பட்டு விரல் தோலெல்லாம் உரிந்தது போதும் என்றுதான் பெரம்பலூருக்கே வந்தாள்.

கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டாள்.

வந்தவர்களிடம் எல்லாம் ஒரே கேள்விதான், பஸ்ஸுக்கா, துணிக்கா? பஸ்ஸுக்கு என்றவர்களை நிழற்குடைக்கு விரட்டினாள். துணிக்கு என்றவர்களிடம் கண்டிப்பாக வாங்குவீர்களா என்று கேட்டாள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க குன்னத்திலிருந்து ஒரு குடும்பமே வேனில் வந்து இறங்கியது. பிடித்தால்தானே எடுப்போம் என்றார்கள். பிடிக்காவிட்டால் என் பிழைப்புப் போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, எதிர்க்கடையைக் காட்டினாள்.

லெப்பைக்குடிக்காட்டு வீட்டில் பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் மொபைலை வைத்துக்கொண்டு, அப்துல் சலாம் ஷீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் பூஜ்யம். வாங்கியவர் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கத் தெரியாமல் சதவீதக் கட்டம் கண்டபடி ஏதோ கிறுக்கி வைத்திருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திடீரென்று வந்தவர் ஒன்று ஆனது. வாயில் போட்ட கறித்துண்டை அவர் மெல்லவில்லை.

வாங்கியவரும் ஒன்று.

நூறு சதவீதம். கட்டம் கிளிப்பச்சையில் ஜொலித்தது. துபாயில் எந்த மேனேஜரும் கனவில்கூடக் காணாத எண். கை கழுவினோமா என்றுகூட நினைவில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார்.

இப்போது வாசலிலேயே நின்று எதிர்க்கடையைப் பார்த்தார். வெளியே வேன் நின்றது. படி வரைக்கும் கூட்டம் நெரிந்தது. இத்தனை பேர் நுழைந்தால் சதவீதம் என்னத்துக்கு ஆகும், பாவம் மனுஷன் என்று அந்தக் கடைக்காரருக்காக உச்சுக்கொட்டினார். பிறகு தன் கடையைப் பார்த்தார். ஓர் ஈ, காக்கை இல்லை. ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“மாஷா அல்லாஹ்! யாரும்மா அந்தக் கஸ்டமரு?”

தேவயானி கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாந்தாங்க மொதலாளி. வெயில்ல நாக்கு வறண்டு போச்சு, தண்ணி குடிக்க உள்ள போனேன். கண்ணு எண்ணிப்புடுச்சு. வேற வழியில்லாம ஒரு கர்ச்சீப் வாங்கிட்டேன்.”

அப்துல் சலாம் மொபைலை எடுத்துப் பார்த்தார். வந்தவர் ஒன்று, வாங்கியவர் ஒன்று. எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை. உச்சந்தலை வேறு காய்ந்தது.

அவர் நிற்கும் நிலையைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

“நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க மொதலாளி. ரெண்டுக்கு ரெண்டாயிடும்.”

அவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. பர்ஸை எடுத்தார்.